நடுவில் நிற்கும் பணம்

அன்புள்ள தம்பி ஒட்டடைக்குச்சிக்கு,

உன் குண்டு அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சலவைக் கடையும் நன்றாக இருக்கிறோம். உன் சேதியை நீ சொன்னால்தான் உண்டு. என்னுடையது ஐந்தாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் சிரித்துக்கொண்டே படி.

கடைக்குப் புது இஸ்திரிப் பெட்டி வாங்கினோம். அது ஆவி விடுகிற சத்தம் உன் மாமா குறட்டைக்குப் போட்டி. முந்தாநாள் ஒரு பெரியவர் கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டுப் போனார், பைக்குள் பல்செட்டு. இன்னும் தேடி வரவில்லை. என்னத்தைச் சாப்பிடுகிறாரோ.

பணம் முதல் தேதி தவறாமல் வந்தது. முன்பெல்லாம் பேங்க் வழியாக வர மூன்று நாள் ஆகும். மூன்று நாளும் "வந்துருச்சா அக்கா" என்று போன் பண்ணுவாய். அப்புறம் உங்கள் கம்பெனி பிளாக்செயினையும் பேங்கையும் கோத்துவிட்டது என்றாய். ஆயிரம் பேர் ஆளுக்கொரு நோட்டில் ஒரே கணக்கை எழுதுகிறார்கள், எவனும் அழிக்க முடியாது, அந்த நோட்டுக்கும் பேங்குக்கும் நடுவில் நாங்கள் கதவு வைக்கிறோம் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். இப்போது கண் சிமிட்டுவதற்குள் பணம் வந்துவிடுகிறது. நீ கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

ஐந்து மாதமாகப் போன் இல்லை. நான் அடித்தாலும் எடுப்பதில்லை. கேட்பவர்களிடம், அவனுக்கென்ன, பணம் வந்துவிட்டது, ஜோராக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேங்க் கவுன்ட்டர் பெண்ணிடமும் பெருமையடித்தேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது அவர் மாசாமாசம் அனுப்புறது இல்லக்கா. ஒரே தடவை போட்டு வச்சிருக்கார். உள்ள காசு இருக்கிற வரைக்கும் அதுவா வரும், அவர் பார்த்தாலும் பார்க்காட்டியும்" என்றாள்.

அன்றைக்கு இரண்டு சட்டையைக் கருக்கிவிட்டேன்.

உனக்குப் பேசி முடித்த பெண் கல்யாணம் வேண்டாம் என்று போனபோது நீ போனில் அழுதாய். நான் என் வாய்க்கொழுப்பில், ஒட்டடைக்குச்சி அழுதால் கண்ணீரா வரும், ஒட்டடைதான் கொட்டும் என்றேன். ஏதோ சத்தம் கேட்டது. நீ சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சிரித்தேன். அதோடு சரி, அப்புறம் நீ பேசவே இல்லை. உன் சிரிப்புக்குச் சத்தமே கிடையாது என்பது, வளர்த்தவளுக்கு இவ்வளவு நாள் கழித்தா உறைக்க வேண்டும்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். இந்த மாதப் பணத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிட்டேன். அதை நீயே விரல் ரேகை வைத்து வாங்கினால்தான் உன் கணக்கில் ஏறுமாம். வேறு யார் விரலும் செல்லாதாம். அதுவரை நடுவிலேயே நிற்குமாம். பத்தொன்பது நாளாக நிற்கிறது. தினமும் பேங்க் திறக்கிற நேரத்துக்குப் போய்க் கேட்கிறேன். அந்தப் பெண் இப்போது நான் வாய் திறப்பதற்கு முன்பே இல்லை என்று தலையசைத்துவிடுகிறாள்.

நீ அறை மாறியிருந்தால், இது யார் கைக்குக் கிடைக்கிறதோ, ஐயா, என் தம்பியிடம் எப்படியாவது சேர்த்துவிடுங்கள்.

தம்பி, போன் வேண்டாம், பேச்சும் வேண்டாம். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆயுசுக்கும் இருக்கட்டும். ஒரே ஒரு தடவை விரலை வை. எங்கே இருந்தாலும் தலைக்கு மேல் கூரையோடும் வயிற்றில் சோறோடும் நன்றாக இரு.

நாளைக் காலையும் பேங்க் வாசலில் நிற்கும்,
உன் அக்கா