கணக்கில் விட்டுப்போன ஒரு சொல்

என் அன்பு மலருக்கு,

மாடியும் கீழுமாக இருந்தவரை நமக்குள் கடிதம் எதற்கு? படிக்கட்டில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். இப்போது நீ இருக்கும் மாடிக்குப் படிக்கட்டு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இதை நம் தெரு அம்மன் கோயில் ஆண்டு மலரில் போடுகிறார்களாம். மலருக்கு எழுதினது மலரிலேயே வருகிறது, பார். நாலு பேர் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

தர்சினிக்கு ஸ்கூல் கிடைத்ததா என்றுதானே முதலில் கேட்பாய்? காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். "அக்கா, என்ர பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில சேர்த்துவிடுங்கோ." சொல்கிறேன். வரிசையாகத்தான் சொல்வேன், என் பழக்கம் உனக்குத் தெரியும்.

நீயும் உன் தங்கை ரதியும் பிள்ளையும் இலங்கையிலிருந்து படகில் வந்து, முகாமில் இருந்துவிட்டு, பொம்மனஹள்ளியில் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? "பைப்புல தண்ணி வந்துச்சாம்மா?" என்றேன். "ஓம்" என்றாய். "கார்மெண்ட்ஸ்ல வேலையா?" "ஓம்." "சாப்டாச்சா?" "ஓம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. வாயைத் திறந்தால் பிரணவம்! ஏதோ விரதம், பெரிய குருவிடம் உபதேசம் வாங்கியவள் என்று நினைத்து, ஒரு வாரம் உன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். கடைசியில் விபூதித் தட்டோடு வந்து, "உங்க குரு யாரும்மா?" என்று கேட்டபோது நீ படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஐயோ அக்கா, எங்கட ஊரில ஆமாவுக்கு ஓம் எண்டுதான் சொல்லுறது!"

அன்றைக்கே பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் உன் சொற்களுக்கு ஒரு கணக்கு திறந்தேன். நான் பள்ளிக்கூடம் போகாதவள். கே.ஜி.எப்.பில் மளிகை சுற்றிவந்த பேப்பரில் தமிழும், இங்கே பஸ் போர்டில் கன்னடமும் படித்தவள். ஆனால் என் நோட்டில் ஒரு வரி பிசகாது என்ற கர்வம் உண்டு. வரவில் உன் சொல், எதிரே எங்கள் சொல். ஓம், ஆமாம். வடிவு, அழகு. கெதியா, சீக்கிரம். கதைக்கிறது, பேசுறது. எல்லாம் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

நினைத்தேன்தான்.

போன மாதம் ஸ்கூலில் இன்டர்வியூவுக்கு வரச்சொன்னார்கள். ரதிக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் கூட்டிப்போனேன். படகு, முகாம் என்று இரண்டு வருஷப் படிப்பு போன பிள்ளை. கையில் டி.சி. கிடையாது. அதனால் ஒரு வாரமாகத் தயார் செய்தேன். "மேடம் உன்னைக் கூப்ட்டு பேசுவாங்க கண்ணு. நல்லா பேசுவாங்க. எவ்ளோ நேரம் பேசினாலும் நீ சிரிச்சிக்கினே நில்லு" என்று தினமும் மூன்று வேளை சொன்னேன். சொல்லச் சொல்லப் பிள்ளையின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. வயிற்றில் பூச்சி என்று நினைத்து வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தேன்.

அங்கே போனால் கிளார்க், "டி.சி. இல்லாம ஆகல்லம்மா" என்று கன்னடமும் தமிழுமாக ஃபாரத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். நான் நகரவில்லை. உள்ளேயிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே எட்டிப்பார்த்துக் கூப்பிட்டார்கள். கன்னடக்காரம்மா, தமிழ் நன்றாகத் தெரியும். தர்சினியைப் பார்த்துச் சிரித்து, "வா புட்டி, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார்கள். புட்டி என்றால் கன்னடத்தில் பாப்பா.

உன் மகள் கையைக் கூப்பிவிட்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "என்னைப் பேசாதேங்கோ மேடம்! நான் ஒண்டும் செய்யேல்லை!"

அந்தம்மா முகம் மாறிப்போயிற்று. "ஏன்ரீ இது, என்னம்மா இது? என் ரூம்ல வந்து என்னையே பேசாதேங்குது?"

நான் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். கதைக்கிறது இருக்கிறது. பேசுறது? அது வரவுப் பக்கத்தில் ஏறவே இல்லை! அப்போதுதான், மலர், நீ ஒருநாள் வேலை முடிந்து வந்து சொன்னது மண்டையில் உறைத்தது. "அக்கா, இண்டைக்கு சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால என்னைப் பேசிப்போட்டான்." அதற்கு நான் வெங்காயம் உரித்துக்கொண்டே, "பேசினா நல்லதுதானே, பெரிய மனுசன் வந்து பேசறான்னா சந்தோஷப்படு" என்றேன். இரண்டு நாள் நீ கீழே இறங்கி வரவில்லை. காபிக்குச் சர்க்கரை குறைந்ததில் கோபம் என்று நினைத்தேன்.

உங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது என்று நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஸ்கூல் நாற்காலியில் உட்கார்ந்து உன்னிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வந்து சேர்ந்ததா?

அந்தம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் திரும்பினேன். "தர்சி, மேடம் உன்னோட கதைக்கணுமாம்டி."

மூக்கை உறிஞ்சினாள். "ஓம்" என்றாள்.

"இது மந்திரமா?" என்றார்கள் அந்தம்மா. நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

அதற்கப்புறம் உன் மகள் வாயை மூடவில்லை. வாய்ப்பாடு சொன்னாள், கதை சொன்னாள், அந்தம்மா புடவை வடிவாயிருக்கு என்றும் சொன்னாள். "பெரியவளானா என்ன ஆகப்போறே?" என்று கேட்டார்கள். டாக்டர் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இவள் வெளியே கிளார்க் மேசையைக் காட்டுகிறாள்!

"சீல் குத்துற ஆளா வருவன். ஆர் வந்தாலும் கெதியாக் குத்திக் குடுப்பன். நாளைக்கு வா எண்டு சொல்ல மாட்டன்."

எத்தனை மேசைக்கு முன்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் அவள்? அந்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அப்புறம் கிளார்க்கைக் கூப்பிட்டு, "அஞ்சாம் கிளாஸ். டி.சி.க்கு நான் லெட்டர் போடறேன்" என்றார்கள். "அந்த சீலைக் கொடுங்க" என்று வாங்கி, உன் மகள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அவள் குத்தினாளே ஒரு குத்து! மேசையில் இருந்த டம்ளர் உருண்டுவிட்டது.

ஒரு நிபந்தனை உண்டு. அரைப்பரீட்சைக்குள் கன்னடம் எழுதப் படிக்க வர வேண்டும். அதனால் நோட்டில் மூன்றாவது கோடு போட்டுவிட்டேன். ஓம், ஆமாம், ஹௌது. தினம் சாயங்காலம் இரண்டு பேரும் அ, ஆ எழுதுகிறோம். அவள் எழுத்து முத்து. என்னுடையது பஸ் போர்டு மாதிரி பெரிது பெரிதாக வருகிறது.

காலையில் சாமி முன்னால் உட்கார்ந்து "ஓம்" என்று ஆரம்பித்தால், மாடியிலிருந்து "பெரியம்மா, ஆருக்கு ஓம் சொல்லுறீங்கள்?" என்று குரல் வருகிறது. உன் அம்மாவுக்குத்தான் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நீ கேட்டதற்கு நான் ஓம் சொல்லாமலே விட்டேன் அல்லவா?

ஓம், மலர். அவள் சீல் குத்தும் நாற்காலியில் உட்காரும்வரை நான் கூடவே இருப்பேன். கேட்கும்போதெல்லாம் கதைப்பேன். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் பேசுவேன், உங்கள் ஊர்ப் பேச்சு.

உன் கூடப் பிறக்காத அக்கா, தர்சினியின் பெரியம்மா,
கோமதி