பன்னிரண்டாவது

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் புது முகவரியை உங்கள் அக்காவிடம் வாங்கினேன். நான் நலம். ஆபீசில் அதே பிறப்புப் பதிவு கவுண்டர்தான்.

பாப்பாவுக்கு நாம் பெயர் வைத்தபோது ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. "இது என்ன, மருந்து பேரு மாதிரி இருக்கு?" என்று உங்கள் அக்காவே முகம் சுளித்தார். பிறகு ஏதோ டிவி தொடரின் நாயகிக்கு அதை வைத்துவிட்டார்கள். பிறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயர் போன வருடம் முழுக்க நான்கு. இந்த மாதம் நேற்று வரை மட்டும் பதினொன்று. இறப்புப் பதிவேட்டில் இன்னும் ஒன்றுதான்.

"அஞ்சு வருஷம் போனா இந்தப் பேரை யாரும் சீண்ட மாட்டாங்க, பாருங்க" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர்.

இன்று பன்னிரண்டாவது வந்தது. குழந்தையின் பெயரை எழுதினேன். தந்தையின் பெயர் என்ற கட்டத்தில் கை தானாக உங்கள் பெயரை எழுதிவிட்டது. எதிரே நின்றவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மேடம், அது யாருங்க? அப்பா நான்தாங்க." வேறு படிவம் எடுத்து எழுதிக் கொடுத்தேன்.

தப்பான படிவத்தை அன்றே கிழித்துப் போட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா