வாடகைக் கேரவனில் படுக்கைக்கு அடியில் வெடித்த பேட்டரி

அனுப்புநர்:
பல் மருத்துவமனை வரவேற்பாளர்,
தையற்கடைக்கு மேல் மாடி,
பழைய தபால் நிலையத்துக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
வாகனப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: வாடகைக் கேரவன்களில் தகுதியற்ற பேட்டரிகளைப் பராமரிப்பின்றி வைத்திருத்தல் – என் மாமனாரின் கண் பாதிக்கப்பட்டமை – தங்கள் ஆய்வாளரின் அறிக்கையைத் திருத்தவும், மற்ற வண்டிகளை உடனே நிறுத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் ஆய்வாளர் தந்த அறிக்கையின் நகல் எங்கள் கைக்கு வந்தது. ‘முதியவர் ஒருவரின் தேவையற்ற தலையீட்டால் நேர்ந்த விபத்து’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த முதியவர் என் மாமனார். அந்த வரி உண்மையல்ல என்பதால் நடந்ததை நடந்தபடி தங்கள் முன் வைக்கிறேன்.

1. என் கணவர், எங்கள் மகள், மாமனார், நான் ஆகிய நால்வரும் பள்ளி விடுமுறைக்கு படுக்கையும் சமையலடுப்பும் உள்ள ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து ஏரிக்கரை முகாமுக்குப் போனோம். மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வாழ்நாள் முழுக்க வண்டியில் நின்றே போனவர், இப்போது வண்டியில் படுத்துக்கொண்டு போகலாம் என்று பேத்தியிடம் பெருமையடித்துக்கொண்டே வந்தார்.

2. வண்டியைக் கொடுக்கும்போது உரிமையாளர், “படுக்கைக்கு அடியில பேட்டரி இருக்கு, அதுல மட்டும் கை வைக்காதீங்க, நாங்க பாத்துக்குவோம்” என்றார். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் பார்த்துக்கொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை.

3. இரண்டாம் நாள் மதியம் நல்ல மழை. ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டோம். முகாமின் மின்சாரத்தில் வண்டியை இணைத்திருந்ததால் பேட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் அழுகிய முட்டை வாடை அடித்தது. மாமனாருக்கு வாயுத் தொல்லை உண்டு. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கணவர், “அப்பா, மாத்திரை போட்டீங்களா இல்லையா?” என்று கேட்டார். “நான் இல்லடா” என்றார் மாமனார். ஒருவரும் நம்பவில்லை. அவர் மடக்கு நாற்காலியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மனுவில் இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். அந்த வாடையை நாங்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்பது இதை எழுதினால்தான் தங்களுக்கு விளங்கும்.

4. பிறகு சமையலடுப்புக்குக் கீழிருந்த வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கியது. கணவர் உரிமையாளருக்குத் தொலைபேசினார். “மழை ஈரத்துக்கு அது அப்படித்தான் கத்தும் சார். பின்னாடி சிவப்பு ஒயர் இருக்கு பாருங்க, அதைப் பிடுங்கி விட்டுடுங்க” என்று பதில் வந்தது. கணவர் பிடுங்கினார், சத்தம் நின்றது. எனக்குத் தலையைப் பிளப்பதுபோல் வலித்தது. மகள் வாந்தி எடுத்துவிட்டு பேட்டரிக்கு மேலிருந்த அந்தப் படுக்கையிலேயே சுருண்டு படுத்தாள். பயணக் களைப்பு என்று நினைத்துப் போர்த்திவிட்டேன்.

5. மரத்தடியில் இருந்த மாமனாருக்கும் அதே வாடை வந்திருக்கிறது. வண்டியின் பக்கவாட்டுச் சந்திலிருந்து வருவதை மோந்து பார்த்துக் கண்டுபிடித்தவர் கதவைத் தடதடவென்று தட்டித் திறந்தார். “இது என் வயித்து வாடை இல்ல, வண்டியோட வயித்து வாடை. எல்லாரும் இறங்கு, இறங்கு!” என்று கத்தினார். பேருந்தில் கேட்ட அதே குரல். மகளை எழுப்பினேன், அவள் கண் திறக்கவில்லை. கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.

6. சார்ஜ் ஏறுவதை நிறுத்த ஏதாவது ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே மாமனார் படுக்கைப் பலகையைத் தூக்கினார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். பலகையோடு ஒரு கம்பி அசைந்தது, பொறி பறந்தது, பேட்டரி வெடித்தது. அவர் முகமெல்லாம் அமிலம். குடிதண்ணீர்க் கேன் தீரும்வரை அவர் கண்களில் ஊற்றினேன், தீர்ந்ததும் ஏரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்தத் தண்ணீரால்தான் இடக்கண் பிழைத்தது என்கிறார் மருத்துவர். வலக்கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிகின்றன. மகள் மழைக்காற்றில் விழித்துக்கொண்டாள், நலமாக இருக்கிறாள்.

7. அன்றே என் கணவர் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். நான் வேலை செய்யும் மருத்துவமனையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதந்தோறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் பொறுப்பு. அது காற்றோட்டமான தாழ்வாரத்தில் இருக்கிறது, ஒருநாளும் வாடை வந்ததில்லை. இந்த வண்டியிலோ, வெடிக்காத பேட்டரியில் தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிகின்றன. இப்படி வற்றிய பேட்டரியில் சார்ஜ் ஏறினால் அழுகிய முட்டை வாடையுள்ள நச்சு வாயுவும், பொறி பட்டால் வெடிக்கும் வாயுவும் கிளம்பும். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இரண்டும் லாரி எஞ்சினைக் கிளப்புவதற்கான பேட்டரிகள், அதுவும் வேறு வேறு வயதுடையவை. இரவெல்லாம் விளக்கும் விசிறியும் ஓட்டுவதற்கென்று வேறு வகை விற்கிறார்கள். உரிமையாளரிடம் கேட்டபோது, “பேட்டரின்னா எல்லாம் பேட்டரிதானே மேடம்” என்றார். வாயு வெளியேற வேண்டிய துளையில் பழைய துணியைத் திணித்திருந்தார்கள். முன்பு வாடகைக்கு எடுத்த யாரோ குளிர்காற்று வருகிறது என்றார்களாம்.

8. தங்கள் ஆய்வாளர் வருவதற்குள் பேட்டரிகளை மாற்றிவிட்டார்கள், துணியையும் எடுத்துவிட்டார்கள். அவர் புதிய பேட்டரிகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் சிகிச்சைச் செலவை ஏற்பதாக உரிமையாளர் ஆள் அனுப்பினார். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

9. மாமனார் அறிக்கையை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அப்பவும் நான் இல்லன்னுதான் சொன்னேன்” என்றார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த என் கணவர் சீசாவை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போனார். தந்தையும் மகனும் அன்றிலிருந்து தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. கண்ணுக்கு மருத்துவர் இருக்கிறார், இதற்கு நான் யாரிடம் போவது?

10. நேற்று அந்தக் கேரவன் நிறுவனத்தின் பணிமனைக்குப் போனேன். இன்னொரு கேரவனில் ஒரு குடும்பம் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. படுக்கையில் விரிப்புப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை. விஷயத்தைச் சொல்லி, “ஒரு தடவை அந்தப் பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்க” என்றேன். அவர் தம் கணவரைப் பார்த்தார். உரிமையாளர் சிரித்துக்கொண்டே, “இவங்களுக்கு நம்ம மேல கோபம், வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். என் கண்முன்னே வண்டி கிளம்பிப் போய்விட்டது. அதன் எண் இணைப்பில் இருக்கிறது.

ஆகவே, அந்த நிறுவனத்தின் எல்லா வண்டிகளிலும் பேட்டரிகளையும் காற்றோட்டத்தையும் சோதிக்கவும், அறிக்கையில் என் மாமனாரைப் பற்றிய வரியை நீக்கி, அவர் மூன்று பேரை உயிரோடு வெளியேற்றிக் காப்பாற்றினார் என்று எழுதவும் ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையைத் திருத்த நாளாகும் என்றால் காத்திருக்கிறோம். ஆனால் அம்மையீர், நேற்றுப் போன வண்டி இன்றிரவு எங்கோ ஓரிடத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்த மனுவைக் கீழே வைத்த கையோடு, நிறுவனத்திடம் எண்ணை வாங்கி அந்தக் குடும்பத்தைத் தொலைபேசியில் அழையுங்கள்.

நாள்: திங்கட்கிழமை காலை
இடம்: கண் மருத்துவமனை, காத்திருப்போர் கூடம்

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பல் மருத்துவமனை வரவேற்பாளர்

இணைப்பு: படங்கள், மருத்துவச் சான்று, கிளம்பிப் போன வண்டியின் எண்.