வேலிக்கு அந்தப்பக்கம் நீங்கள் வீசிய உமி

சீனி மச்சான்,

எதிர்வீட்டுக்குக் காலையிலிருந்து வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு வாடை ஜன்னல் வழியாக வந்ததும், நீங்கள்தான் பண்ணையிலிருந்து வந்துவிட்டீர்கள் என்று அடுப்பை விட்டு எழுந்துவிட்டேன். வாசல் வரைக்கும் போன பிறகுதான் நீங்கள் இப்போது இல்லை என்பது நினைவு வந்தது. உங்கள் சட்டையை எப்படித் துவைத்தாலும் அந்தச் சுண்ணாம்பும் ஈர உமியும் கோழி எச்சமும் கலந்த வாடை போனதில்லை.

அத்தை மகனான உங்களைச் சின்ன வயதில் சீனி என்று கூப்பிட்டது, கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் முழுப்பெயரை நான் சொன்னதே இல்லை.

மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்த காலத்தில்தான் கண்டரமாணிக்கம் பக்கம் புதிதாகக் கோழிப்பண்ணை போட்டார்கள். "கண்மாய் பெருகுற வரைக்கும்தான் புள்ள. தண்ணி வந்துட்டா என்னைய அங்க யாரு புடிச்சு வைக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அங்கே வேலை பார்ப்பவர் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாதாம், வெளிச்சீக்கு ஒட்டிக்கொண்டு வருமாம். நம் அடைக்கோழியைக் குஞ்சுகளோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். அந்த வீட்டு அக்கா வாங்கிக்கொண்டே, "கோழி மேய்க்கப் போறவரு வீட்டுல ஒரு கோழி இல்லையாம்ல" என்று சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் கேள்வி, கண்மாயில் தண்ணி எம்புட்டு என்பதுதான். நானும் ஒவ்வொரு வருஷமும் பார்த்துச் சொன்னேன். வெள்ளைக்கோழிகள் பெருகிக்கொண்டே போயின, கண்மாய்தான் பெருகவில்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் பெருகியது. நாற்றங்காலை ஆள் வைத்து உழுது, பரம்படித்து, விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் முளைகட்டிவிட்டேன். நீங்கள் வந்து தூவ வேண்டியதுதான் பாக்கி. நம் ஊரில் நடவும் களையும் அறுப்பும் பெண்களுக்கு, விதை தூவுவது மட்டும் ஆம்பளைக் கை. அதுவும் அந்தந்த வீட்டுக் கையாக இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். நீங்கள் வரவில்லை. பண்ணையில் கழிச்சல் கண்டு கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்களை வெளியே விடாமல் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

நான் பண்ணை வேலியோரம் வந்து நின்றேன். கிட்டே வராதே என்று கையைக் காட்டினீர்கள்.

"எப்ப வருவீக?"

"தெரியலையே புள்ள. தொறந்தாத்தான்."

"முளை நீண்டுருச்சு. இன்னைக்குப் போடலைன்னா வேர் பின்னிக்கிரும்."

நீங்கள் குனிந்து காலடியில் கிடந்த உமியை ஒரு கை அள்ளினீர்கள்.

"அப்ப நீயே போடு. இங்கிட்டுப் பாரு. மணிக்கட்ட ஆட்டாத. தோள்லருந்து வீசணும். பின்னாலயே நடந்து போகணும், போட்டத மிதிச்சுராத."

உமி காற்றில் விரிந்து விழுந்தது. ரோட்டோரம் நின்று நான் மணலை அள்ளி வீசினேன். ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தது. உள்ளே நின்றவர்களில் ஒருவர், "அண்ணே, உமியில நெல்லு வெளையிது, அறுக்க ஆள் சொல்லவா?" என்றார். "நீ கோழியப் பாருடா" என்று அதட்டிவிட்டு இன்னொரு பிடி அள்ளினீர்கள். திருப்பத்தூர் பஸ் போனது. அதில் இருந்தவர்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். என் கை படியும் வரைக்கும் நீங்கள் வீசிக்கொண்டே இருந்தீர்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் தூவிவிட்டேன். அங்கங்கே சொட்டை விழுந்தாலும் நாற்று வந்தது. நடவுக்கு முன்னால் கேட்டையும் திறந்துவிட்டார்கள், உங்களைக் கூட்டிப்போக நான் வந்து நின்றேன். துணிமூட்டையோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். அறுக்க ஆள் சொல்லவா என்று கேலி செய்தவர் பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போனார். நீங்கள் வெறுங்கையோடு கேட்டு வரைக்கும் வந்தீர்கள்.

"வாங்க, நாத்து பச்சையா நிக்கிது."

கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். "புதுக்குஞ்சு வருதாம். கழுவிச் சுண்ணாம்பு அடிக்கணும், ஆளில்ல. நீதான் போட்டுட்டியே."

உள்ளே போய், உங்கள் கையாலேயே சங்கிலியை மாட்டினீர்கள். யாரும் அதை மாட்டச் சொல்லவில்லை. அங்கேயே நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு கண்மாயைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அது பெருகிய வருஷமும் வந்தது, காய்ந்த வருஷமும் வந்தது. நீங்கள் குஞ்சுகளுக்கு அடைச்சூடு கொடுக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கொட்டகையே காலியாகி மூடிய பிறகுதான் வீட்டோடு வந்து சேர்ந்தீர்கள். அப்போது முழங்கால் போய்விட்டது, வயலில் இறங்க முடியவில்லை. ஊரில் உங்கள் வயசில் யாரும் மிஞ்சாத வரைக்கும் இருந்தீர்கள். நான் விளைவித்த சோற்றைத்தான் தின்றீர்கள். நல்லாருக்கு என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா என்று யோசிக்கிறேன். சொல்லியிருப்பீர்கள்.

நான் விதை தூவுவதை இப்போது ஊரே மெச்சுகிறது. மற்ற வீட்டுக்காரர்களும் வந்து கூப்பிடுகிறார்கள். மடியில் நெல்லைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கும்போது தோள் தானாக வீசுகிறது. அது உங்கள் வீச்சு. அப்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடும். நீங்கள் இருந்தவரை கேட்கத் துணியவில்லை.

அன்று எனக்குக் கை படியாமலே போயிருந்தால், முளைகட்டிய விதை சாக்கிலேயே அழுகிப் போயிருந்தால், நீங்கள் வெளியே வந்திருப்பீர்களா மச்சான்?