தீக்குச்சியால் இறுக்கிய மின்கம்பி

ஞாயிறு இரவு, கடலூர்

என் வீட்டாரே, நீங்கள் உறங்கிய பின் உங்களை நோக்கித்தான் எழுதுகிறேன். என் மகளின் உயிரைவிட என் பேச்சு உங்களுக்குப் பெரிதாகிவிட்டதா?

நேற்றுச் சிதம்பரத்தில் நான் ஆற்றிய உரை இன்று மாலை உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்தது. அதைக் காண்பதற்காகவே மைத்துனன் செந்தில் புதிய செட்டாப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து பொருத்தினான். அதன் மின்செருகி நம் சுவர்த்துளைகளில் நுழையவில்லை. உடனே செருகியை வெட்டி எறிந்துவிட்டு, தோல் சீவிய கம்பி முனைகளைத் துளைகளில் விட்டு, தீக்குச்சிகளால் இறுக்கிவிட்டான். நான் வீட்டினுள் நுழைந்தபோது, நான்கு வயதுக் கயல் அந்தக் குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

தாவிச்சென்று சுவர்ப் பொத்தானை அணைத்தேன். திரையில் முழங்கிக்கொண்டிருந்த நான் வாய் திறந்தபடியே மறைந்தேன்.

"இன்னா மாமா, நல்ல எடத்துல நிறுத்திட்டீங்க," என்றான் செந்தில். "குச்சி டைட்டாதான் கீது. எங்க வீட்ல எப்பவும் இப்டிதான் ஓடுது."

"பேச்சு முடியட்டுமே, புள்ளய நான் புடிச்சிக்கிறேன்," என்றாள் என் மனைவி.

கயலைச் சுவரிலிருந்து விலக்கித் தூக்கிக்கொண்டேன். அதை எவரும் காணவில்லை. எல்லோரும் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

செந்தில், விடிந்ததும் வேறெங்கும் போகாதே. மின்பணியாளரை அழைத்து வா. கம்பியில் புதிய செருகியை இணைத்து, சுவரிலுள்ள பழைய பொருத்தியைக் கழற்றிவிட்டு, அந்தச் செருகிக்கு ஏற்ற மூன்று துளைப் பொருத்தியை மாட்டச் சொல். அதுவரை அந்தப் பொத்தானில் எவரும் கை வைக்கக் கூடாது.