சிவப்புப் பொத்தான்

மே 6

அலுவலகத்தில் மறுபடியும் கேக். எதற்கு? மூன்றாவது மாதிரி உடைந்ததற்கு!

ஸ்கூட்டர் பின்னிருக்கையில் குழந்தையை வார் போட்டு உட்காரவைக்கும் நாற்காலி. இதைத்தான் ஒன்றரை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். முதலாளி அத்வைத் சப்னிஸ் கத்தியும் கையுமாக நின்று பிரசங்கம் செய்தான். "தோல்விதான் நம்ம குரு. சீக்கிரம் தோத்தாத்தான் சீக்கிரம் ஜெயிக்க முடியும்." கைதட்டல். உடைந்த கால்தாங்கியைக் கண்ணாடி அலமாரியில், முந்தைய இரண்டுக்கும் பக்கத்தில் வைத்து விளக்குப் போட்டார்கள். ஏன் உடைந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கணபதி படத்துக்குப் பூ வைத்தது மாதிரி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கேக் அன்னாசி. அதுவும் சுமார்தான்.

மே 9

நானே அலமாரியைத் திறந்து பார்த்தேன். திருகு இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் மெலிசு. இரண்டாவது மாதிரியும் அதே இடத்தில்தான் விரிந்திருக்கிறது. குருவாம் குரு! சீடன் பாடத்துக்கே வரவில்லை.

மே 19

நாலாவது மாதிரி. மெலிசான இடத்தைத் தடிமனாக்கிக் கொடுத்தேன். மணல் மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்த்ததில் தேறிவிட்டது. ஐந்து அம்மாக்களிடம் கொடுத்திருக்கிறோம்.

மே 27

ஹடப்சரிலிருந்து சாரிகா துமாள் போன் செய்தாள். ஐந்து அம்மாக்களில் ஒருத்தி, வங்கியில் வேலை. மகளைக் கோடை வகுப்புக்குக் கூட்டிப் போகிறாள். "மேடம், வார் தானா கழண்டுக்குது. ரெண்டு தடவ ஆச்சு. நல்ல வேளை, பொண்ணு என் இடுப்பக் கட்டிப் பிடிச்சிருந்தா."

அத்வைத்திடம் ஓடினேன்.

"அவங்களுக்கு ஒழுங்கா மாட்டத் தெரியல, உர்மி. அதான் படம் போட்டுக் குடுத்திருக்கோமே."

"குழந்தை விழுந்திருந்தா?"

"விழலையே."

விழலையே! இந்த ஒரு சொல்லை எந்த அலமாரியில் வைத்து விளக்குப் போடுவது?

மே 28

ஹடப்சர் போனேன். குழந்தையை ஏற்றவேண்டாம் என்று சொல்லி, நாற்காலியில் அரிசி மூட்டையைக் கட்டி அந்தத் தெருவையே பலமுறை சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அத்வைத் சொன்னதுதான் சரியோ? அப்படி நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

"போறப்ப பொண்ணு கையில என்னென்ன இருக்கும்?" என்று சாரிகாவைக் கேட்டேன்.

"கையில ஒண்ணுமில்ல. கழுத்துல தண்ணி பாட்டில். அத மட்டும் கழட்டவே விடமாட்டா."

பாட்டிலை வாங்கி மூட்டையின் கழுத்தில் தொங்கவிட்டேன். வேகத்தடையில் ஸ்கூட்டர் குதித்தது. பாட்டிலும் எம்பி, வயிற்றுக்கு நேரே இருக்கும் சிவப்புப் பொத்தான்மேல் விழுந்தது. டக். வார் திறந்துகொண்டது.

தாகமே எடுக்காத குழந்தையை வைத்துச் சோதித்திருக்கிறோம். எவ்வளவு பெரிய மூளைக்காரர்கள் நாங்கள்!

மே 29

மற்ற நாலு அம்மாக்களுக்கும் போன் செய்து, குழந்தையை ஏற்றவேண்டாம் என்றேன். பிறகு அத்வைத்திடம் சொன்னேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி வெளியீடாம், தள்ள முடியாதாம். பள்ளிகள் திறப்பதற்குள் கடைக்குப் போயாக வேண்டுமாம்.

"அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம். தோல்வியிலேர்ந்துதானே கத்துக்கறோம்?"

"யாரோட மண்டை உடையறதுலேர்ந்து?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராது, உர்மி."

வராது. உன்னைப் பார்த்தால் எப்படி வரும்?

ஜூன் 3

கண்ணாடி அலமாரிக்குப் புது விளக்கு வந்திருக்கிறது. பொத்தானை மாற்ற நேரமில்லை.

ஜூன் 11

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விளம்பரப் படம் எடுக்க அத்வைத்தின் மனைவி கேதகி வந்திருந்தாள், மகன் ஈஷானோடு. பள்ளிக்குப் போகிற மாதிரி இருக்கட்டும் என்று படக்காரர் அவன் கழுத்தில் புதுப் பாட்டிலை மாட்டிவிட்டார். நாற்காலியில் உட்காரவைத்து வார் போட்டாயிற்று. கேதகி சாவியைத் திருகினாள். அத்வைத் சிரித்துக்கொண்டு நின்றான்.

என்னால் முடியவில்லை. "பையன இறக்குங்க" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். பாட்டிலைக் கழற்றி மணல் மூட்டைக்கு மாட்டி, மூட்டையைக் கட்டிக்கொண்டு நானே வளாகத்தைச் சுற்றினேன். வாசல் வேகத்தடையில் மூட்டை பின்பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்து கிழிந்தது. மணல் கொட்டியது.

கேதகி குரலை உயர்த்தவே இல்லை. "அத்வைத், இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

புளுகுவான் என்றுதான் காத்திருந்தேன்.

"தெரியும்" என்றான்.

அவள் பையனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

ஜூன் 12

வெளியீடு இல்லை. அத்வைத் ஐந்து அம்மாக்களுக்கும் தானே போன் செய்து நாற்காலிகளைத் திரும்பக் கேட்டான். சாரிகாவிடம், "தப்பு உங்க மேல இல்லைங்க, எங்க மேலதான்" என்று சொன்னது என் மேசைவரை கேட்டது.

பெண்டாட்டிக்குப் பயந்து வந்த ஞானம். எத்தனை நாளைக்கு?

ஜூன் 24

பட்டறைக்குத் தினமும் வருகிறான். ஸ்க்ரூ டிரைவரைக் கரண்டி மாதிரி பிடிக்கிறான். நான் பொத்தானைக் குழந்தையின் முதுகுப் பக்கம் மாற்றி வரைந்திருக்கிறேன். பாட்டில் எட்டவே எட்டாது. "வேற எது எட்டும்?" என்று கேட்டான். எதுவும் எட்டாது என்றேன். நச்சரிப்பு.

ஜூலை 8

என் பொத்தான் தோற்றது.

நல்ல மழை. சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்த சாரிகா, மூட்டையும் பாட்டிலுமாக ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றாள். வார் திறக்கவில்லை. அழுத்தினாள், குத்தினாள், ம்ஹூம். "அன்னிக்குக் கேக்காமலே தெறந்துச்சு மேடம். இன்னிக்குக் கெஞ்சினாலும் தெறக்கல." சக்கரம் வாரியிறைத்த சேறு முழுக்கப் பொத்தானுக்குள். உள்ளே குழந்தை இருந்து, ஸ்கூட்டர் கவிழ்ந்திருந்தால்? அவசரத்துக்கு எப்படிப் பிரித்தெடுப்பது?

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்வைத் ஏதாவது சொல்வார், சொல்லட்டும் என்று நின்றேன். அவர் நனைந்தபடியே ஸ்கூட்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்க சிக்குது, காட்டு."

காட்டினேன்.

"சேறு எந்தப் பக்கத்துலேர்ந்து உள்ள போகுது?"

அதை நான் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கீழ்ப் பக்கத்திலிருந்து.

நாளைக்கு எட்டு மணிக்கே வந்துவிடுவாராம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.