படையலில் வைத்த மாத்திரை

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நேற்று உனக்கு முதல் வருஷப் படையல். கருவாட்டுக் குழம்பு, உளுந்து வடை, இஞ்சி தட்டிப் போட்ட டீ என்று உனக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தோம். உன் மகள் ஒரு அட்டை வலி மாத்திரையையும் கொண்டுவந்து வைத்தாள். "இது இல்லாம அம்மா ஒரு நாளும் கொழுந்து பறிக்கப் போனதில்லீங்களே சித்தி" என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவளைச் சொல்லி என்ன பயன்? காலை டீயோடு ஒன்று, பதினொரு மணி டீயோடு ஒன்று. வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்பே. மழை பெய்து கொழுந்து தளதளவென்று வந்துவிட்டால் மூன்று, நான்கு. தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் யார் வந்து கேட்டாலும் நீ இல்லையென்று சொன்னதில்லை.

கால் வீங்கி, முகம் ஊதி, கோத்தகிரி டாக்டரிடம் போனோமே, நினைவிருக்கிறதா? "மாத்திரை ஏதாச்சும் தொடர்ந்து சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றாய். நீ பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் உனக்கு அது மருந்து. பெட்டிக்கடையில் வாங்கி டீயோடு விழுங்குவது டீயில் சேர்த்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. என் முந்தானை முடிச்சிலும் அதே மாத்திரைதான் இருந்தது.

இரண்டு கிட்னியும் போன பிறகு, கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "உடம்பு வலிச்சா என்ன பண்ணுவீங்க?" அப்போதுதான் சொன்னாய். சொல்லிவிட்டு, "அதுவும் மருந்துதானுங்களா?" என்று கேட்டாயே அக்கா. வருஷக்கணக்காய் விழுங்கிய அதுதான் கிட்னியைத் தின்றது என்றார் அவர்.

நேற்றைய கூத்தைக் கேள். படையல் முடிந்ததும் பக்கத்து வீட்டு ராணி வடையை எடுத்தாள். அப்படியே அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையையும் வாயில் போட்டுக்கொண்டாள். "முட்டி வலி உசுரு போகுதுங்க. அக்காவே குடுத்த மாதிரி இருக்குது" என்றாள். நான் கத்திய கத்தலுக்கு, துக்கம் தாங்காமல் கத்துகிறேன் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். இவர்களை என்ன செய்வது, சொல்.

இவ்வளவு திட்டுகிறேனே, உன்னை அடக்கம் செய்த பிறகும் நான் அந்த மாத்திரையை நிறுத்தவில்லை.

இன்று காலை ராணியை இழுத்துக்கொண்டு கோத்தகிரிக்குப் போனேன். அதே டாக்டர், அதே கேள்வி. "இல்லீங்க" என்றாள் ராணி. நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜையில் கொட்டினேன். "இதுதானுங்க. ரெண்டு பேருமே சாப்பிடறோம்." எனக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு நாளைக்கு வரும். பயமாக இருக்கிறது அக்கா.

என்ன வந்தாலும் சரி, இனி இந்த லைனில் யார் டாக்டரிடம் போனாலும் கூடப் போய் உட்காருவேன். அவர்கள் "இல்லீங்க" என்றால் நான் சொல்லுவேன்.

அன்று வாயைத் திறக்காத உன் தங்கை,
செல்வி